பியாசோலாவுக்கு முன் கேட்க வேண்டியவை: அர்ஜென்டினா டாங்கோவுக்குள் நுழைய ஒரு வழிகாட்டி

டாங்கோ என்றதும் நம்மில் பலருக்கு முதலில் காதில் விழுந்திருப்பது இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்று, 'சென்ட் ஆஃப் எ வுமன்' படத்தில் அல் பசினோ ஆடும் 'போர் உனா கபேசா'. இன்னொன்று, யாரோ செல்லோவில் வாசித்த 'லிபர்டாங்கோ'. எனக்கு இரண்டாவது. கேட்டவுடன் அதை எழுதிய ஆஸ்தோர் பியாசோலாவின் பெயரைத் தேடி, கிடைத்ததையெல்லாம் கேட்டேன். மேற்கத்திய செவ்விசை ஓரளவு பழகிய காது என்பதால் எல்லாம் பிடித்துப் போயிற்று. மதுக்கடை நடன இசையாகக் கிடந்ததை இந்த ஒரு மனிதர் தூக்கிக் கச்சேரி மேடையில் வைத்தார் என்றே பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அது பாதி உண்மைதான். டாங்கோவும் செவ்விசையும் பியாசோலா பிறப்பதற்கு முன்பே ஒரே நகரத்தில், ஒரே தெருவில், பல சமயம் ஒரே வீட்டுக்குள் பழகியவை. அந்தப் பழக்கத்தைக் காதால் அறிந்த பிறகு பியாசோலாவிடம் போனால், அவர் எதை உடைத்தார், எதை விடாமல் வைத்துக்கொண்டார் என்பது புரியும். அதனால் இந்த வழிகாட்டியில் அவர் கொஞ்சம் தாமதமாகத்தான் வருவார். வாரத்துக்கு ஒரு படி என்று வைத்துக்கொண்டால் போதும்.

தொடங்குமுன் ஒன்று. ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். மரபான டாங்கோ இசைக்குழுவில் டிரம் கிடையாது. தாளத்தைத் தாங்குவது டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியமும் பியானோவின் இடது கையும். ஃபோன் ஸ்பீக்கர் முதலில் விழுங்குவது அந்த இரண்டையும்தான். சாதாரண ஹெட்ஃபோன் போதும்.

முதல் படி: மேசையில் தட்டிப் பாருங்கள்

பாட்டு எதுவும் போட வேண்டாம். ஒன்றிலிருந்து எட்டு வரை சீராக எண்ணிக்கொண்டே இருங்கள். இப்போது 1, 4, 5, 7 என்ற எண்களில் மட்டும் மேசையைத் தட்டுங்கள். கொஞ்சம் தடுமாறும், பத்துச் சுற்றில் கைக்கு வந்துவிடும். இதுதான் ஹபனேரா. கியூபாவின் ஹவானாவிலிருந்து கிளம்பி, அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் பரவிய தாளம். 1875-இல் பாரிஸில் அரங்கேறிய பிசேயின் 'கார்மென்' ஓபராவில், கார்மென் பாடிக்கொண்டு நுழையும் புகழ்பெற்ற பாட்டின் அடியில் செல்லோக்கள் விடாமல் வாசிப்பது இதைத்தான். புவெனஸ் அயர்ஸின் ஆரம்ப கால டாங்கோக்களுக்கு அடியில் இருப்பதும் இதுவே. ஆங்கெல் வில்யோல்தோவின் 'எல் சோக்லோ'வைப் பழைய பாணியில் வாசித்த ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்டால் உடனே பிடிபடும்.

இப்போது அதே எண்ணிக்கையில் 5-ஐ மட்டும் விட்டுவிடுங்கள். 1, 4, 7. வாயால் சொன்னால்: தகிட தகிட தக. மூன்று, மூன்று, இரண்டு. இதைக் கொஞ்சம் வேகமாகத் தட்டிக்கொண்டே 'லிபர்டாங்கோ'வைப் போடுங்கள். கை தானாகப் பாட்டோடு ஒட்டிக்கொள்ளும். பியாசோலாவின் முத்திரை என்று உலகம் சொல்வது, பழைய ஹபனேராவில் ஒரு தட்டைக் கழித்தால் கிடைப்பது. முதன்முதலில் இதை மேசையில் தட்டிப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எத்தனையோ பக்கம் படித்தும் புரியாதது ஒரு விரல் தட்டில் புரிந்தது.

மூன்றாவதாக 1, 3, 5, 7. சீரான நடை, கால் எடுத்து வைப்பது போல. இதற்கு மார்காத்தோ என்று பெயர். 1930-களிலிருந்து நடனக் கூடங்களை ஆண்டது இது. இந்த மூன்றையும் கை மாற்றி மாற்றித் தட்டப் பழகிவிட்டால் இனி வரப்போகிறவற்றில் பாதி உங்கள் கையில்.

இரண்டாம் படி: பாந்தோனியோனோடு அறிமுகம்

டாங்கோவின் குரல் என்று எல்லோரும் சொல்லும் இந்த வாத்தியம் அர்ஜென்டினாவில் பிறக்கவில்லை. ஜெர்மனியின் கிரெஃபெல்டு நகரத்தைச் சேர்ந்த ஹைன்ரிஷ் பாண்டு என்பவரின் பெயரிலிருந்து வந்தது. கப்பலேறி, அர்ஜென்டினாவுக்கும் உருகுவேக்கும் நடுவில் உள்ள ரியோ தெ லா பிளாத்தா ஆற்றின் கரைக்கு வந்து, அங்கேயே தங்கிவிட்டது. அர்ஜென்டினாக்காரர்கள் உயிராக மதிக்கும் 'டபுள் ஏ' ரகம், சாக்சனி மலையடிவாரத்தில் கார்ல்ஸ்ஃபெல்டு என்ற சிற்றூரில் ஆல்ஃபிரட் அர்னால்டு செய்தது.

நம் ஆர்மோனியத்துக்கு இது தூரத்து உறவு. துருத்திக் காற்றில் உலோக நாக்குகள் அதிர்ந்துதான் இரண்டிலும் ஒலி பிறக்கிறது. ஆனால் வாசிப்பது பெரும்பாடு. அர்ஜென்டினாவில் வழங்கும் வகையில் 71 பொத்தான்கள். துருத்தியை விரிக்கும்போது ஒரு பொத்தான் ஒரு ஸ்வரம் தரும், மூடும்போது அதே பொத்தான் வேறொரு ஸ்வரம் தரும். பொத்தான்கள் வரிசைக்கிரமமாகவும் இருக்காது. ஆக ஒவ்வொரு கைக்கும் இரண்டிரண்டு வரைபடங்களை மனப்பாடம் செய்ய வேண்டும்.

வாசிப்பவரின் காணொளி ஒன்றைத் தேடி, முழங்காலைப் பாருங்கள். துருத்தியைத் தொடைமேல் போட்டு, காலைச் சடாரென்று இறக்கும்போது ஒலி வெட்டிக்கொண்டு வரும். அந்த வெட்டுத்தான் டிரம் இல்லாத குறையைத் தீர்க்கிறது. அதே வாத்தியம் அடுத்த நொடி மூச்சு விடுவது போல இழையும். இந்த இரண்டு குணமும் ஒன்றில் இருப்பதால்தான் டாங்கோ அதை விடவில்லை என்று நினைக்கிறேன்.

மூன்றாம் படி: ஒரே மெட்டு, நான்கு வீடு

'லா கும்பர்சீத்தா' உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். பெயர் தெரியாமல் இருக்கலாம், முதல் நான்கு ஸ்வரம் கேட்டால் தெரிந்துவிடும். உருகுவேயின் மான்டெவீடியோவில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்த ஹெரார்தோ மாத்தோஸ் ரொத்ரிகெஸ் எழுதியது. முதலில் இது கார்னிவல் ஊர்வலத்துக்கான அணிநடை மெட்டு. புவெனஸ் அயர்ஸ் தன்னுடையது என்று கொண்டாடினாலும் பிறந்த வீடு அக்கரையில்தான். இன்றும் ஒரு மிலோங்கா, அதாவது டாங்கோ நடன இரவு, முடியும்போது கடைசிப் பாட்டாக இதைத்தான் போடுவார்கள்.

ஹுவான் தாரியென்சோ, கார்லோஸ் தி சார்லி, அனிபால் த்ரொய்லோ, ஓஸ்வால்தோ புக்லியேசே. இந்த நால்வர் குழுக்களும் வாசித்த 'லா கும்பர்சீத்தா'வை அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். மெட்டைக் கவனிக்காதீர்கள், அது ஒன்றுதான். யார் அடியைக் கூர்மையாகக் குத்துகிறார்கள், யார் வயலின்களை நீளமாகப் பாட விடுகிறார்கள், யார் திடீரென்று எல்லாவற்றையும் நிறுத்தி மௌனம் வைக்கிறார்கள் என்று பாருங்கள். செவ்விசையில் ஒரே சிம்ஃபனியை வெவ்வேறு நடத்துநர்கள் நடத்தும்போது வரும் வித்தியாசத்தைவிட இது பல மடங்கு பெரிது. இங்கே ஒவ்வொரு குழுவும் மெட்டைத் தனக்கென்று மறுபடி எழுதிக்கொள்கிறது.

நான்காம் படி: ஹூலியோ தெ காரோ

1908-இல் புவெனஸ் அயர்ஸில் இன்றைய தெயாத்ரோ கொலோன் அரங்கம் வெர்டியின் 'ஆயிதா'வோடு திறந்தது. உலகின் மிகச் சிறந்த ஓபரா அரங்கங்களில் ஒன்று. இத்தாலியிலிருந்து வந்து குடியேறியவர்களால் நிரம்பிய நகரம் அது. பிள்ளைக்கு வயலினோ பியானோவோ கற்றுத்தர வேண்டும் என்ற ஆசை சாதாரணக் குடும்பங்களிலும் இருந்தது. அப்படிக் கற்று வெளியே வந்த இளைஞர்கள் எல்லோருக்கும் சிம்ஃபனிக் குழுவில் இடம் கிடைக்குமா? காபிக்கடை, கபரே, மௌனப்பட அரங்கு ஆகியவைதான் சம்பளம் கொடுத்தன. அங்கே கேட்கப்பட்டது டாங்கோ.

வயலின்காரர் தெ காரோவின் தந்தை இசைப்பள்ளி நடத்தியவர். மகன் செவ்விசைக்காரனாக வேண்டும் என்று விரும்பினார். மகன் டாங்கோ பக்கம் போனான், அதனால் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. 1924-இல் அவர் அமைத்த ஆறு பேர் குழுதான் எல்லாவற்றுக்கும் திருப்புமுனை: இரண்டு பாந்தோனியோன், இரண்டு வயலின், பியானோ, டபுள் பேஸ். அதுவரை எல்லோரும் சேர்ந்து மெட்டை வாசிப்பதே பெரும்பாலும் வழக்கம். தெ காரோ பகுதிகளைப் பிரித்து எழுதினார். ஒருவர் மெட்டைச் சொல்ல, இன்னொருவர் அதற்கு எதிர்மெட்டு நெய்வார். தனி வாசிப்புக்கு இடம் வந்தது, சுருதிக்கோவைகள் செழித்தன. வீட்டில் அப்பா சொல்லித்தந்த பாடம், அப்பா வெறுத்த இசைக்குப் போய்ச் சேர்ந்தது.

1926-இல் இந்தக் குழு ஒலிப்பதிவு செய்த 'ரெக்குவேர்தோ'வைக் கேளுங்கள். எழுதியவர் புக்லியேசே, அப்போது அவருக்கு இருபதை ஒட்டிய வயது. பதிவு பழையது, கரகரக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு வயலின் மட்டும் மூக்கால் பாடுவது போல ஒலிக்கும். அது ஒலிவாங்கிக்குக் கேட்கட்டும் என்று குழல் பொருத்திய வயலின், தெ காரோவின் அடையாளம். கடைசிப் பகுதியில் பாந்தோனியோன்கள் மூச்சுவிடாமல் ஓடும் அந்த வேக ஓட்டத்துக்கு வரியாசியோன் என்று பெயர். செவ்விசைக்காரர்களுக்கு வேரியேஷன் என்றால் என்னவென்று தெரியும். அதே சொல், அதே குடும்பம்.

பிறகு 'மாலா ஹுந்தா'. நடுவில் சிரிப்பும் சீட்டியும் வரும். படித்தவர்கள் கைக்கு வந்ததால் தெருவை மறந்துவிடவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஐந்தாம் படி: நால்வரோடு ஒரு மாதம்

1935-இலிருந்து 1955 வரையிலான காலத்தைப் பொற்காலம் என்பார்கள். நடன இரவுகளில் ஒரே குழுவின் மூன்று அல்லது நான்கு பாட்டுகளைச் சேர்த்துத்தான் போடுவார்கள். அந்தக் கொத்துக்குத் தாந்தா என்று பெயர். நீங்களும் அப்படியே கேளுங்கள். கலந்து கலந்து கேட்டால் எல்லாம் ஒன்றுபோல் இருக்கிறது என்ற எண்ணம்தான் மிஞ்சும்.

தாரியென்சோவைத் தாளத்தின் அரசன் என்றார்கள். 1935-இல் ரொதோல்ஃபோ பியாகி பியானோவுக்கு வந்தபின் அந்தக் குழு பிடித்த வேகம் நகரத்தையே மறுபடி ஆடவைத்தது. தி சார்லி பியானோக்காரர். அவர் சொந்த ஊரின் பெயரில் எழுதிய 'பஹியா பிளாங்கா'வில் வயலின்கள் பட்டு விரிப்பது போல வரும். அடியில் அவர் இடது கை மணியடிப்பதைத் தவறவிடாதீர்கள். த்ரொய்லோவுக்கு 'கேஹாஸ் தெ பாந்தோனியோன்' போதும்.

புக்லியேசேயிடம் கொஞ்சம் நின்று போக வேண்டும். 1946-இல் பதிவான 'லா யும்பா'. ஓர் இரவு இதை ஹெட்ஃபோனில் மூன்றாம் முறை கேட்டபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது: டபுள் பேஸ் அடியின் மேல் வந்து விழவில்லை, அடிக்குச் சற்று முன்பிருந்தே தரையோடு தரையாக எதையோ இழுத்துக்கொண்டு வந்து அதில் மோதுகிறது. கனமான அலமாரியை நகர்த்துவது போல. பெயரே அந்த ஒலிதான், 'யும்-பா, யும்-பா'. இந்த இழுப்புக்கு அர்ராஸ்த்ரே என்பார்கள். இதை எழுத்தில் குறிப்பது கடினம். பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துத்தான் கற்றுக்கொண்டார்கள். டாங்கோவின் உயிர் எங்கே என்று யாராவது கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

வயலின்காரர்களிடமும் இப்படிச் சில கைவேலைகள் உண்டு. தந்திகளைத் தாங்கும் குதிரை என்ற கட்டைக்குப் பின்பக்கம், தந்தியின் மிச்சப் பகுதியில் வில்லை வைத்துக் கரகரவென்று தேய்ப்பது சிச்சார்ரா, அதாவது சிள்வண்டு. உச்சத்துக்குச் சடாரென்று வழுக்கி ஏறுவது லாத்திகோ, சாட்டை. பியாசோலாவில் இவை அடிக்கடி வரும். அதனால்தான் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

பாடகர்களைப் பற்றி இங்கே குறைவாகவே சொல்கிறேன், அது தனிக் கடல். கார்லோஸ் கார்தெல் 1917-இல் பதிவு செய்த 'மி நோச்சே த்ரிஸ்தே'விலிருந்து தொடங்குங்கள். கிதார் சீராக நடக்க, குரல் பின்தங்கியும் முந்தியும் பேசுவது போல வரும். வாத்தியக்காரர்கள் மெட்டை வளைப்பதும் இந்தப் பேச்சைப் பார்த்துத்தான்.

ஆறாம் படி: இப்போது பியாசோலா

1921-இல் மார் தெல் பிளாத்தாவில் பிறந்து, சிறுவயதிலேயே பெற்றோரோடு நியூயார்க் போனவர். அப்பா விசெந்தே, செல்லப் பெயர் நோனினோ, ஓர் அடகுக்கடையில் பழைய பாந்தோனியோன் வாங்கிக் கொடுத்தார். பக்கத்து வீட்டில் பேலா வில்டா என்ற ஹங்கேரிய பியானோக்காரர். பையன் அவரிடம் செவ்விசை மேதை பாக்கை பாந்தோனியோனில் வாசிக்கக் கற்றான். டாங்கோவுக்கு முன்பே பாக் வந்துவிட்டார்.

ஊர் திரும்பி 1939-இல் த்ரொய்லோ குழுவில் சேர்ந்தார். இரவில் த்ரொய்லோவோடு வாசிப்பு, 1941-இலிருந்து ஆல்பெர்த்தோ ஹினஸ்தேராவிடம் செவ்விசைப் பாடம். அன்று படித்ததையெல்லாம் இசைக்கோப்பில் திணிப்பார். ஆடுபவர்கள் தடுமாறக் கூடாதென்று த்ரொய்லோ அதில் நிறைய அழித்துவிடுவார். 1953-இல் அவருடைய சிம்ஃபனிப் படைப்பு ஒன்று அரங்கேறியபோது, சிம்ஃபனிக் குழுவுக்குள் பாந்தோனியோனா என்று சபையில் கைகலப்பே நடந்தது. ஆனால் அந்தப் படைப்பு வென்ற பரிசுதான் அவரை 1954-இல் பாரிஸுக்கு, இசையாசிரியை நாதியா பூலாஞ்சேயிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. கொண்டுபோன செவ்விசைப் படைப்புகளில் ஸ்த்ராவின்ஸ்கி தெரிகிறார், ராவேல் தெரிகிறார், பியாசோலாவைக் காணோம் என்றார் அவர். தான் டாங்கோக்காரன் என்பதைச் சொல்லவே பியாசோலாவுக்குக் கூச்சம். கடைசியில் 'த்ரியுன்ஃபால்' என்ற தன் டாங்கோவைப் பியானோவில் வாசித்துக் காட்டினார். இதுதான் நீ, இதை விட்டுவிடாதே என்றார் பூலாஞ்சே.

திரும்பி வந்தவர் 1955-இல் எட்டுப் பேர் குழுவில் மின்கிதாரைச் சேர்த்தார். 1960-இல் பாந்தோனியோன், வயலின், பியானோ, மின்கிதார், டபுள் பேஸ் என்ற ஐவர் குழுவுக்கு வந்தார். கேட்க வேண்டிய வரிசை என் கணக்கில் இப்படி: முதலில் 'லா முவெர்தே தெல் ஆங்கெல்'. ஒரு வாத்தியம் ஒரு மெட்டைத் தொடங்க, அடுத்தது அதையே பிடித்துக்கொண்டு நுழையும், அப்புறம் அடுத்தது. சுத்தமான ஃப்யூக், பாக்கின் கட்டுமானம். ஆனால் உள்ளே ஓடுவது தகிட தகிட தக. அடுத்து 'அதியோஸ் நோனினோ', 1959-இல் அப்பா இறந்த செய்தி வெளியூரில் கிடைத்தபோது எழுதியது. அது எதையும் விளக்கிக் கேட்க வேண்டிய இசை இல்லை. அப்புறம் 1986-இல் வந்த 'டாங்கோ: ஸீரோ ஹவர்' ஆல்பம், முழுதாக, ஒரே அமர்வில்.

ஒரே படைப்பில் வரலாறு வேண்டும் என்றால் அவரே புல்லாங்குழலுக்கும் கிதாருக்கும் எழுதிய 'இஸ்த்வார் து டாங்கோ' இருக்கிறது. நான்கு பகுதிகள்: 1900-இன் விலைமாதர் வீடு, 1930-இன் காபிக்கடை, 1960-இன் நைட்கிளப், இன்றைய கச்சேரி. முதல் படியில் பழகிய மூன்று தட்டுகளையும் வைத்துக்கொண்டு இதைக் கேட்டால் காலம் நகர்வது விரலிலேயே தெரியும்.

ஏழாம் படி: செவ்விசைக்காரர்கள் வாசிக்கும்போது

டாங்கோ பக்கம் எட்டிப் பார்த்த செவ்விசைப் பெரியவர்கள் நிறைய. சாத்தி 1914-இல், ஸ்த்ராவின்ஸ்கி 1918-இலும் 1940-இலும் டாங்கோ எழுதினார்கள். அவை அவர்களுடைய இசை, டாங்கோவின் சாயல் கொண்டவை, அவ்வளவே. 1990-களில் வயலின்காரர் கிடோன் கிரேமரும் செல்லோக்காரர் யோ-யோ மாவும் பியாசோலாவை உலகக் கச்சேரி மேடைகளுக்குக் கொண்டுபோனார்கள்.

கேட்கும்போது சோதித்துப் பார்க்க இரண்டு கேள்விகள் போதும். அடிக்கு முன் அந்த இழுப்பு இருக்கிறதா? மெட்டு வளையும்போது பேஸ் அசையாமல் நிற்கிறதா? பல சிம்ஃபனிக் குழுக்களில் ஒலி அழகாக இருக்கும், தரை மட்டும் காணாமல் போயிருக்கும். செவ்விசைப் பியானோக்காரரும் நடத்துநருமான டேனியல் பாரன்பாய்ம் பிறந்த ஊர் புவெனஸ் அயர்ஸ்தான். 1990-களின் நடுவில் அவர் டாங்கோ ஆல்பம் செய்தபோது பாந்தோனியோனுக்கு ரொதோல்ஃபோ மெதேரோஸையும் பேஸுக்கு, பியாசோலாவின் ஐவர் குழுவில் இருந்த எக்தோர் கொன்சோலேயையும் அழைத்துக்கொண்டார். அந்த வித்தியாசம் முதல் நிமிடத்திலேயே கேட்கும்.

கிரேமருக்காக ரஷ்ய இசையமைப்பாளர் லியோனித் தெஸ்யாத்னிகோவ் மாற்றியமைத்த 'புவெனஸ் அயர்ஸின் நான்கு பருவங்கள்' தனி விருந்து. பியாசோலாவின் பருவங்களுக்குள் வெனிஸ்காரர் விவால்டியின் பருவங்களை அங்கங்கே ஒளித்துவைத்திருக்கிறார். புவெனஸ் அயர்ஸ் கோடையில் விவால்டியின் குளிர்காலம் எட்டிப் பார்க்கும். தென் கோளத்தில் கோடை என்றால் வெனிஸில் பனிதானே!

தேடும்போது

பாட்டின் பெயரை மட்டும் போட்டுத் தேடாதீர்கள். குழுத் தலைவர் பெயர், பாட்டு, ஆண்டு, பாடகர் இருந்தால் அவர் பெயர் என்று சேர்த்துத் தேடுங்கள். தாரியென்சோ 1937-இல் வாசித்ததும் 1950-களில் வாசித்ததும் வேறு வேறு இசை. எதிரொலி சேர்த்துப் பளபளப்பாக்கிய மறுபதிப்புகளைவிடக் கொஞ்சம் கரகரக்கும் பழைய பதிப்பே மேல். எதிரொலி அந்த வெட்டை மழுக்கிவிடும்.

புக்லியேசே கம்யூனிஸ்ட். பலமுறை சிறைக்குப் போனவர். அவர் உள்ளே இருந்த நாட்களிலும் குழு வாசித்தது, காலியான பியானோ மேல் ஒரு சிவப்புக் கார்னேஷன் பூவை வைத்துவிட்டு. நடனக் கூடங்களில் அவர் ரசிகர்கள் 'கொலோனுக்குப் போ!' என்று கத்துவது வழக்கம், ஓபரா அரங்கமே உனக்குத் தகுந்த இடம் என்ற பொருளில். 1985 டிசம்பர் 26 அன்று, எண்பது வயதில், தன் குழுவோடு தெயாத்ரோ கொலோன் மேடையேறினார். அந்தக் கச்சேரியின் ஒலிப்பதிவு கிடைக்கிறது. 1946-இன் 'லா யும்பா'வைக் கேட்டுவிட்டு அதே இரவில் இதையும் போடுங்கள். ஓபராவுக்குக் கட்டிய அரங்கில் டபுள் பேஸ் அந்த அலமாரியை எப்படி இழுக்கிறது என்று கேளுங்கள்.